ஓன் துரையும் என் டிரைவர் சீட்டும்

முப்பது வருசம் ஸ்டீரிங் புடிச்சவன் நானு. கோலார் ஜில்லாவுல எந்த ரோட்ல வேணா நின்னு கேட்டுப் பாருங்க, ஒரு கோழிக்குஞ்சு மேல கூட வண்டிய ஏத்தினதில்ல.

சரி, பொய். கோழி ரெண்டு. ஒரு பால் கேனு. அப்புறம் ஒரு தக்காளித் தோட்டம். கோழிக்கும் கேனுக்கும் நான் தான் பொறுப்பு, ஒத்துக்கறேன். தக்காளிக்கு மட்டும் இன்னிக்கி வரைக்கும் ஒத்துக்கல. ஒத்துக்கவும் மாட்டேன்.

இப்ப எதுக்கு அந்த ஞாபகம்னா, காலையில இருந்து எதுத்த வூட்ல கேட்டுக்கு வெல்டிங் வெச்சிகினு இருக்காங்க. புகை வருதுன்னு என் பொண்டாட்டி ஜன்னல சாத்திட்டா. நான் அத்தத் தொறந்து வெச்சிகினு மோந்துகினு உக்காந்துகிறேன். சுட்ட இரும்பு வாசன மூக்குல ஏறுச்சின்னா என் முதுகு தன்னால நிமிந்துக்கும். பின்னாடி சாயவே தோணாது. சோபால கூட பரீட்ச எழுதறவன் மாதிரி தான் உக்காருவேன். எத்தினி பரீட்ச எழுதினேன்னு கேக்காதீங்க. மூணாவதோட பள்ளிக்கூடத்துக்கு நான் விடுதல குடுத்துட்டேன்.

அப்ப ராபர்ட்சன்பேட்டை ஸ்டாண்டுல இருந்து கோலாருக்கு ஷேர் வண்டி ஓட்டிகினு இருந்தேன். வண்டி ஓனருது. ஹாரன் அடிக்கிற கை மட்டும் என்னுது. கோர்ட்டுக்குப் போறவங்க, ஆபீசுக்குப் போறவங்கன்னு தெனமும் ஒரே மூஞ்சிங்க தான். ஊரிகத்துல லட்சுமியக்கா ஏறுவாங்க, கோலார் பெரிய ஆஸ்பத்திரியில நர்சு. எப்பவும் எனக்கு நேர் பின்னாடி தான் உக்காருவாங்க. நான் கொஞ்சம் வேகமாப் போனா பொடனியில ஒண்ணு போடுவாங்க. "டேய், இன்னிக்கி எனக்கு டூட்டி வார்டுல. உன்னியே பெட்ல போட்டு நானே ஊசி குத்தற மாதிரி வெச்சிக்காத."

ஒரு நாள் என் சீட்டு பேச ஆரம்பிச்சிது. கியர் மாத்தினா கிணிக். பிரேக் அடிச்சா கிணிக். என் அறிவப் பாருங்க, அது என் இடுப்பு எலும்புன்னு நெனச்சி ரெண்டு நாளு தைலம் தடவினேன். மூணாவது நாளு வண்டியில உக்காராம கைய வெச்சி அழுத்திப் பார்த்தா, கிணிக். எனக்கு ஒரே சந்தோசம், இடுப்பு நல்லாகீதுன்னு.

சீட்டுத் துணியத் தூக்கிப் பார்த்தேன். முதுகுக் கம்பி கீழ வந்து சேர்ற எடத்துல, வலது பக்கம், முடி மாதிரி ஒரு விரிசல். ஓனர் கிட்ட சொன்னேன். ஓனரு நல்ல மனுசன் தான், காது மட்டும் கொஞ்சம் வசதிக்கேத்த மாதிரி கேக்கும்.

"உனுக்கு உக்காரத் தெரியல. பொத்துன்னு உக்கார்ற. ஒரு வெல்டு வெச்சிகினு ஓட்டு."

வெச்சேன். வெல்டு வாசன போவறதுக்குள்ள, ரெண்டே நாள்ல, பங்காருபேட்டை தாண்டி ஒரு மேடு வருமே, அங்க ஆக்சிலேட்டர மிதிச்சேன். டப்புன்னு ஒரு சத்தம். அவ்ளோ தான். எதுர இருந்த ரோடு காணோம். வண்டி கூரை தெரியுது. அதுக்கும் பக்கத்துல லட்சுமியக்கா மூஞ்சி தலைகீழா தெரியுது. சீட்டு முதுகு அப்படியே மல்லாந்துகினு, என் தல அக்கா மடியில. ஸ்டீரிங் எங்கியோ தூரத்துல வெளியூர்க்காரன் மாதிரி நிக்கிது, கை எட்டல. நான் கத்தினேன் "ஐயோ யம்மா"ன்னு. அக்காவும் கத்தினாங்க. "எழுந்துருடா சனியனே!"

எங்க எழுந்துக்கறது? வண்டி ரோட்ட வுட்டு எறங்கி தக்காளித் தோட்டத்துக்குள்ள போயி, கோலு கயிறு எல்லாம் இழுத்துகினு, ஒரு வரப்புல முட்டி நின்னுச்சி. யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா கண்ணாடி தெறந்து இருந்துச்சா, உள்ள பூரா தக்காளி. என் மூஞ்சிலயும் தான். பக்கத்து சீட்டு கோர்ட்டு குமாஸ்தா என்னப் பார்த்து மயக்கமாயிட்டாரு. அக்கா தான் ஒரு வெரலால தொட்டு நாக்குல வெச்சிப் பார்த்து, "தக்காளிய்யா, எழுந்துரு"ன்னாங்க.

தோட்டக்காரரு ஓடியாந்தாரு. அவரு பார்த்தது இன்னா? வண்டி நின்னுகினு கீது, டிரைவரு நல்லா மல்லாந்து படுத்துகினு கீறான். "டிரைவரு மல்கொண்டித்தானே!"ன்னு கன்னடத்துல ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினாரு. படுத்துகினு கீறான்னு சொன்னாரு, அது நெஜம் தான். சாயங்காலத்துக்குள்ள அது தூங்கிட்டான்னு ஆயிடுச்சி. ஸ்டாண்டுக்கு வர்றதுக்குள்ள குறட்ட கூட வுட்டேன்னு ஆயிடுச்சி. தூங்கற டிரைவரு வண்டியில எவன் ஏறுவான்? ஷேர் வண்டிக்காரனுக்கு பேரு தான் பெட்ரோலு. அது தீர்ந்துச்சின்னா தள்ளி வுடக்கூட ஆளு வராது.

நாலு நாளு கழிச்சி ஓனரு என்னிய வண்டிக் கம்பெனி சர்வீசுக்குக் கூட்டிகினு போனாரு. அங்க ஏசி ரூம்ல ஒரு மேனேஜரு. டை கட்டிகினு, நல்லா பேசினாரு. டீ கூட குடுத்தாரு. ஒரு பேப்பர நீட்டினாரு.

"சும்மா ஃபார்மாலிட்டி பாஸ். டிரைவரோட ஓன் நெக்லிஜென்ஸ்னு எழுதியிருக்கோம். சைன் பண்ணா இன்சூரன்ஸ் சீக்கிரம் வரும்."

எனக்கு இங்கிலீசு வராது. ஆனா அந்த ரெண்டு வார்த்த மட்டும் நல்லா வரும். அத்த சொல்லணும் உங்களுக்கு.

எங்க நைனா தங்கச் சுரங்கத்துல அண்டர்கிரவுண்டு ஆளு. கேஜ்ல, அதான் சுரங்கத்து லிப்டுல, எறங்கிப் போனாருன்னா எந்த லெவல்ல இருக்காருன்னு எங்கம்மாவுக்கே தெரியாது. ஒரு ஷிப்டுல கல்லு வுழுந்து கால் போச்சி. என்கொயரி முடிஞ்சி பேப்பரு வந்துச்சி, அதுல ஓன் நெக்லிஜென்ஸ். பக்கத்து லைன் வூட்டுக்காரருக்கு கை நசுங்கிச்சி, ஓன் நெக்லிஜென்ஸ். அடுத்த லைன்ல ஒருத்தரு திரும்பியே வரல, அவருக்கும் அதே தான். சின்ன வயசுல நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன்னா, ஓன்னு ஒரு வெள்ளக்கார துரை, அவரு முழு பேரு ஓன் நெக்லிஜென்ஸ், அவரு தான் கீழ போயி எல்லாரையும் தள்ளி வுட்டுட்டு வர்றாருன்னு. ஒரு நாள் நைனாவயே கேட்டேன்.

"துரைங்க எல்லாம் கப்பல் ஏறிட்டாங்களே, இந்த ஓன் துரை மட்டும் ஏன் நைனா போவல?"

நைனா சிரிச்சாரு பாருங்க, கட்டில் ஆடுச்சி. சிரிச்சிகினே இருந்தவரு, அப்படியே செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு. அப்புறம் தான் எனக்குத் தெரிஞ்சிது, அதுக்கு அர்த்தம் 'உன் தப்பு தான்'னு. நைனாவும் அதுல கையெழுத்து போட்டு இருக்காரு. படிச்சிக் காட்ட ஆளு இல்ல.

அதனால மேனேஜரு அந்தப் பேரச் சொன்ன ஒடனே டீ கிளாச கீழ வெச்சிட்டேன். பாதி டீ இருந்துச்சி, எனக்கு அது பெரிய தியாகம்.

"ஓன் துரை இங்க இன்னா பண்றாரு?"ன்னேன்.

மேனேஜருக்குப் புரியல. ஓனரு என் தொடையக் கிள்ளினாரு. "போட்டுத் தொலடா."

"சீட்டு ஒடஞ்சிது சார். நான் தூங்கல."

"வெளிய வெல்டு வெச்சிருக்கீங்க. அதான் ஒடஞ்சிது. உங்க வெயிட்டும் ஜாஸ்தி."

வெயிட்டா? இப்ப இருக்கற தொப்பய வெச்சி எடை போடாதீங்க. அப்ப நானு தொடப்பக்குச்சி. சீட் பெல்டு போட்டா பெல்டு தான் தெரியும்.

கையெழுத்து போடாம எழுந்து வந்துட்டேன். ஸ்டாண்டுக்கு வந்து, அதே மாடல் வண்டி வெச்சினு இருந்தவனுங்க மூணு பேரு சீட்டுத் துணியயும் தூக்கிப் பார்த்தேன். மொத ஆளு என்ன அடிக்க வந்தான். துணிய தூக்கினதும் அடிக்க வந்த கைய தலையில வெச்சிகினான். ரெண்டு வண்டியில அதே எடம், அதே வலது பக்கம், அதே முடி. அதுங்களுக்கு எவனும் வெல்டு வெக்கல.

மறுநாளு காலையில மூணு வண்டியும் போயி கம்பெனி வாசல்ல நின்னுச்சி. லட்சுமியக்கா டூட்டிக்கு லீவு சொல்லிட்டு நர்சு டிரஸ்ஸோடயே வந்தாங்க. நானு சர்வீசுல நின்னுகினு இருந்த எங்க வண்டியில இருந்து ஒடஞ்ச சீட்டக் கழட்டி தலையில தூக்கிகினு உள்ள போனேன். மேனேஜரு டேபிள் முன்னாடி வெச்சேன். பக்கத்துல அந்த ரெண்டு வண்டியில ஒண்ணோட சீட்டையும் வெச்சோம். வெளிய இருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கும் அது.

"உக்காருங்க சார். சும்மா சாஞ்சிப் பாருங்க. உங்க வெயிட்டு கம்மி தானே?"

மேனேஜரு சீட்டப் பார்த்தாரு. விரிசலப் பார்த்தாரு. உக்காரல.

"எம் மடியில வந்து வுழுந்தான் சார்"னாங்க அக்கா. "தூக்கத்துல எவனாவது அம்மாவக் கூப்புட்டுகினு பல்டி அடிப்பானா? நானு எழுதித் தரேன், எங்க எழுதணும்?"

மேனேஜரு பேனாவத் தொறந்தாரு. அப்புறம் அந்தப் பேப்பரக் கிழிச்சிட்டு வேற எழுதினாரு, டிரைவர் சீட் பிரேம் ஒடஞ்சிதுன்னு. அக்கா ரெண்டு தரம் படிச்சி, தமிழ்ல சொல்லி, அப்புறம் தான் என் கையில பேனா குடுத்தாங்க. என் பேர எழுத எனக்கு எப்பவும் நேரம் ஆவும். அன்னிக்கி வேணும்னே இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துகினேன்.

ரெண்டு மாசத்துல கம்பெனிக்காரன் அந்த மாடல் வண்டிங்கள எல்லாம் கூப்புட்டு சீட்டுக் கம்பி மாத்திக் குடுத்தான். தப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. 'இலவச செக்கப் கேம்ப்'னு போர்டு வெச்சி, பிஸ்கெட்டு குடுத்தான். ரெண்டு பாக்கெட்டு கேட்டு வாங்கினு வந்தேன். ஓனரு என்னிய வேலய வுட்டு நிறுத்திட்டாரு. நிறுத்தட்டும். மறுவாரமே வேற வண்டி கெடச்சிது. மொத நாளு லட்சுமியக்கா ஏறி எனக்கு நேர் பின்னாடி உக்காந்தாங்க பாருங்க, அவங்களப் பார்த்து மத்தவங்களும் ஏறினாங்க.

இப்ப அந்த ஸ்டாண்டே இல்ல. செல்போன் கடையும் ஜூஸ் கடையும் வந்துடுச்சி. அக்கா ரிட்டையராயி மக வூட்டுக்குப் போயிட்டாங்க. வண்டி ஓட்டறவனுங்க இருக்கானுங்க, ஆனா ஒருத்தன் கூட இன்னொருத்தன் நிக்கிறதில்ல. போன்ல சத்தம் வந்தா ஒவ்வொருத்தன் ஒவ்வொரு பக்கம் போறான். சீட்டு கிணிக்குன்னு சொன்னா, பக்கத்து வண்டி துணியத் தூக்கிப் பார்க்க பக்கத்துல வண்டி ஏது? ஒருத்தன் வண்டியில வந்த விரிசலு அவனோட மட்டும் தான் கீது.

ஆனா அந்தக் கேம்ப் அன்னிக்கி மேனேஜரு எனக்குத் தனியா ஒரு டீ வாங்கிக் குடுத்து, காதோரமா ஒரு விசயம் சொன்னாரு. அவரு இன்னா சொன்னாருன்னா...

"அண்ணா! அண்ணா, இருக்கீங்களா?"

பக்கத்து வூட்டு கலா. வூட்டுக்காரன் பெங்களூர்ல போன் டாக்சி ஓட்டறான், நேத்து வண்டிய எங்கியோ இடிச்சிட்டான்னு சொன்னாங்க.

"இன்னாம்மா?"

"ஆபீஸ்ல இருந்து அவருக்கு ஏதோ இங்கிலீசுல அனுப்பிகிறாங்கண்ணா. போன்லயே வெரலால கையெழுத்து போட்டா போதுமாம். லைன்ல இருக்காரு, போடட்டான்னு கேக்கறாரு..."

"போட வேணாம்னு சொல்லு! கைய பாக்கெட்ல வுட சொல்லு! தோ, வந்துட்டேன்!"