சகலைக்கு மட்டும் வரும் பேய்

இது உண்மையில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து இரண்டு ஐம்பத்தொன்று வரை, ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் நடந்தது. இதில் ஒரு சொல் பொய் என்றாலும் தொழிலையே விட்டுவிடுவதாகக் குளிர்ச்சி நிபுணர் சொல்லியிருக்கிறார். யார் தலையில் வேண்டுமானாலும் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயார் என்றும் சொன்னார். வீட்டில் யாரும் தலையைக் கொடுக்கவில்லை.

'குளிர்ச்சி நிபுணர்' என்பது அவரே தமக்குச் சூட்டிக்கொண்டு விசிட்டிங் கார்டில் அச்சடித்த பட்டம். மற்றவர்கள் ஏசி மெக்கானிக் என்பார்கள். அவருக்கு ஒரு சகலை இருந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், அவனும் அதே தொழில். அவனிடம் கார்டு கிடையாது. ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷ்ஷும்தான். குழாயில் சோப்பு நுரையைத் தடவி, எங்கே கொப்புளம் கிளம்புகிறது என்று பார்ப்பான். ஆனால் எங்காவது ஏசியில் கேஸ் கசிகிறது என்றால் அவனைத்தான் தேடி வந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேயும் அவனுக்குத்தான் வந்தது.

அந்த ஏழு மாடிக் கட்டடத்தின் குழாய்கள் எல்லாம் பழசு. பதினைந்து வருடமாக இயந்திரம் அதிர்ந்து அதிர்ந்து, பிடித்திருக்கும் கிளாம்ப்பில் உரசி, செம்பு காகிதம் போலத் தேய்ந்துவிட்டது. கேஸுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஊசிமுனை ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு முன் சகலை அங்கே தனியாக இறங்கினான். மூன்று மணி நேரத்தில் மேலே வந்து, இன்ன இடம் என்று சொல்லிவிட்டான்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார் மேனேஜர்.

"கீழ ஒரு பெரியவர் இருக்காரு சார். செத்துப்போன பழைய மெக்கானிக். ஓட்டை எங்கன்னு அவரே காட்டிக் குடுத்துடுவாரு. ஆனா ஒண்ணு, கூட இன்னொரு ஆள் இருந்தா வரமாட்டாரு."

கதை காட்டுத்தீயாகப் பரவியது. மாமனார் வீட்டில் விருந்தென்றால் சகலையைச் சுற்றித்தான் கூட்டம். நிபுணர் கசிவைக் கண்டுபிடிக்கும் தமது வெளிநாட்டுக் கருவியைப் பற்றிப் பேச வாயெடுத்தால், ரசம் வேண்டுமா என்று கேட்டார்கள்.

"பேய்க்குக்கூட ஆள் தரம் தெரியுது பாருங்க" என்றாள் மனைவி.

"பேயாவது, பிசாசாவது" என்று வெளியே சிரித்தார். உள்ளே வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு பேயாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா?

இந்த நேரத்தில்தான் அதே கட்டடத்தில் மறுபடியும் கேஸ் குறைந்தது. சகலைக்குக் காய்ச்சல். மேனேஜர் நிபுணரைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சீங்கன்னா, இனிமே இந்தக் கட்டடம் உங்க பொறுப்பு. முடியலைன்னா சொல்லிடுங்க. உங்க சகலை தேறி வரட்டும்."

நிபுணர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து இறங்கினார். வாட்ச்மேன் அடித்தளத்தின் இரும்புக் கதவைத் திறந்து, காற்றை இழுத்துத் தள்ளும் பெரிய ஃபேனைப் போட்டான்.

"கூட வரட்டுமா சார்?"

"வேண்டாம். தனியாத்தான் போகணும்."

"பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வந்து மூச்சு விட்டுட்டுப் போங்க."

"எனக்கே சொல்றியா?" என்றார்.

மணி 2.10. நாற்பதடி நீளச் சந்து. இடது சுவரோடு குழாய்கள். பாதித் தூரம் வரை சாம்பல் நிறப் பெயிண்ட், அதற்கப்பால் வெறும் செம்பு. மேலே மூன்று சென்சார் விளக்குகள். அடியில் ஆள் அசைந்தால் எரியும். ஒரு நிமிடம் அசைவில்லையென்றால் அணைந்துவிடும். நிபுணர் கருவியை முடுக்கினார். டிக்... டிக்... கேஸ் பட்டால் அது அலறும்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பெரியவரே... நானும் மெக்கானிக்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்."

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"அவனுக்கு எட்டு வருஷந்தான்."

மணி 2.29. இரண்டு முறை மேலே போய் மூச்சு விட்டு வந்தாயிற்று. கருவி ஒரே தாளத்தில் டிக்... டிக்... நிபுணர் நடுவிளக்கின் கீழ் அசையாமல் நின்று யோசித்தார். சாயங்காலம் மாமனார் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

விளக்கு அணையவில்லை.

அவர் அசையவில்லை. ஆனால் விளக்கின் கீழ் ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

மணி 2.33. சரக்... சரக்...

பிரஷ் சத்தம்!

சோப்புப் பிரஷ். பெரியவர்தான். நிபுணருக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். அடுத்த நொடியே சந்தேகம் வந்தது.

"டேய்... சகலை, நீயா? காய்ச்சல்னு சொல்லிட்டு இங்க வந்துட்டியா?"

சத்தம் நின்றது.

பிறகு... சரக்... சரக்...

மணி 2.36. சந்தின் கோடியிலிருந்த விளக்கு தானாக எரிந்தது. அதன் கீழே யாரும் இல்லை.

வெறும் செம்பு தொடங்கும் இடத்தில், குழாயின்மேல் கையகலத்துக்கு ஈரம் மின்னியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. ஒரு முழம். இரண்டு முழம். சோப்பு வாசனை இல்லை. வேறு ஏதோ நெடி... தலையைக் கிறுகிறுக்க வைத்தது.

ஈரம் நின்றது. ஒரு கிளாம்ப்பின் அடியில், அதே இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பிரஷ் திரும்பத் திரும்ப ஓடியது.

நிபுணர் கருவியை நீட்டினார்.

டிக்டிக்டிக்டிக்... கீஈஈஈ!

ஓட்டை!

"நன்றி பெரியவரே" என்றார். அவசரமாக ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்.

சரக்...

இந்த முறை சத்தம் குழாயிலிருந்து வரவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

மிக அருகில்.

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

சரக்... சரக்... நிதானமாக. அவசரமே இல்லாமல்.

கால்சட்டையில் ஜில்லென்று ஈரம் பரவியது. அது என்ன ஈரம் என்று யோசிக்க அவர் விரும்பவில்லை.

விளக்கு அணைந்தது.

மணி 2.51. நிபுணர் மேலே இருந்தார். எப்படி வந்தார் என்பது அவருக்கும் தெரியாது.

மேனேஜர் முன்னால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே நின்றார். "எல்லாம் அனுபவம் சார். கருவி சும்மா பேருக்கு" என்றார். மேனேஜர் கை குலுக்கினார். கட்டடம் இனி அவர் பொறுப்பு. மேனேஜர் போகும்வரை நிபுணர் சுவரை விட்டு விலகவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே சகலை வீட்டுக்கு வண்டியை விட்டார். போர்வைக்குள் கிடந்தவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் பெரியவர் என்கிட்டயும் வந்தார்."

சகலை எழுந்து உட்கார்ந்தான். "எந்தப் பெரியவர்?"

"அதான், பழைய மெக்கானிக்."

சகலை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சகலை... வெளிய சொல்லிடாதீங்க. அது நான் விட்ட ரீல். ஓட்டையைப் பத்தே நிமிஷத்துல புடிச்சுடுவேன். அப்புறம் அந்த ஃபேன் காத்துல படுத்து ஒரு தூக்கம் போடுவேன். யாரும் எட்டிப் பாக்கக் கூடாதுல்ல?"

நிபுணர் ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டினார். படத்தில் செம்புக் குழாய் ஈரத்தின் சுவடே இல்லாமல் உலர்ந்து கிடந்தது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"மெக்கானிக்கா? அங்க எந்த மெக்கானிக்கும் சாகலையே சார்" என்றான். பிறகு குரல் இறங்கியது. "பெயிண்டர் ஒருத்தர்தான். நாலு வருஷம் ஆச்சு. குழாய்க்குப் பெயிண்ட் அடிக்க இறங்கினாரு. அன்னிக்கு ஃபேன் ரிப்பேரு. கேஸ் கசிஞ்சு தரையோட தேங்கி நின்னுருக்கு, அவருக்குத் தெரியல. பாதி அடிச்சதோட விழுந்துட்டாரு. மேனேஜர் வெளிய தெரியாம மூடிட்டாரு. மீதியை அடிக்க ஒருத்தரும் வரல. டப்பா, பிரஷ் எல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு சார்."

சகலை போர்வையை விலக்கினான்.

"எட்டு வருஷமா அங்க போறேன். அவர் போனதுக்கு அப்புறமும் எத்தனை தடவை படுத்துத் தூங்கியிருக்கேன்" என்றான் சகலை மெல்ல. "எனக்கு ஏன் வரல?"

அவன் கண்ணில் இருந்தது என்ன என்பது நிபுணருக்கு உடனே புரிந்தது. ஆறு மாதமாக அவர் கண்ணாடியில் பார்த்து வந்ததுதான். பயமெல்லாம் பறந்துபோனது.

"அதுக்கெல்லாம் ஒரு சீனியாரிட்டி வேணும்ப்பா" என்று கம்பீரமாக எழுந்து, வாசலை நோக்கி நடந்தார்.

"ஐயோ, என் நாற்காலி!" என்று கொழுந்தியாள் அலறினாள்.

நிபுணரின் கால்சட்டைக்குப் பின்பக்கம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, சாம்பல் நிறப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு கோட்.