தங்கத்தைச் சிவக்க வைத்த ரெஜினா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மேட்டுப்பாளையம் பக்கம் ஓர் ஆட்டுப்பட்டியில் இருந்தேன். ரெஜினாவின் தம்பி போனில் கூப்பிட்டார். “டாக்டருங்களா, அக்கா போயிட்டாங்க. மாரடைப்புங்க” என்றார்.  நான் பிடித்திருந்த ஆடு கையை விட்டு ஓடியது. 

கோவையில் எங்கள் சிறிய ஆய்வகத்தில் அவர் வேதியியலாளர், நான் கால்நடை மருத்துவர். ஆட்டுக்கொல்லி நோயைப் பட்டியிலேயே கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டைகளைச் செய்துவந்தோம். ஆட்டின் மூக்குச்சளியைக் கரைத்து பட்டையில் ஒரு சொட்டு விட்டால், நோய் இருந்தால் இரண்டு சிவப்புக் கோடுகள் விழும். நோய் இல்லாவிட்டால் ஒன்றுதான். அந்தச் சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களின் நிறம். அந்தத் துகள்களைச் செய்தவர் ரெஜினா.

தங்க உப்பு கலந்த நீரைக் கொதிக்கவிட்டு, அதில் சிட்ரேட் என்ற உப்புக் கரைசலை ஊற்றுவார். இளமஞ்சள் வெளுத்து, கருத்து, பிறகு மாதுளைச் சாறு போலச் சிவக்கும். அப்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை மேலாளரே வந்து நின்றார். “செத்த இருங்க சார், தங்கம் எனக்காகக் காத்திருக்காதுங்க” என்றார் ரெஜினா, திரும்பிக்கூடப் பார்க்காமல். குடுவையில் துளி அழுக்கு இருந்தாலும் துகள்கள் ஒட்டிக்கொண்டு ஊதாவாகிவிடும் என்பதால், குடுவைகளை அவரே கழுவுவார்.

அவரோடு பழகி, இன்று அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலம் பக்கம் ஒரு முகாமுக்குப் பட்டைகள் தேவைப்பட்டன. “கோடு லேசா ஊதா அடிக்குதுங்க டாக்டர். மறுபடி செஞ்சுபோடலாம்” என்றார் ரெஜினா. வண்டி தயாராக நின்றது. “எனக்கு ஒண்ணும் தெரியலைங்க மேடம். முகாமுக்கு ஜனங்க வந்து காத்திருப்பாங்க” என்று அவசரப்படுத்தினேன். பட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் இன்னொருமுறை பார்த்துவிட்டு, அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த முகாமில் ராமாத்தாள் என்பவரின் ஆட்டுக்கு ஒரு கோடுதான் விழுந்தது. நோயில்லை என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அவர் மந்தையில் பாதி செத்துப்போனது. செய்தி வந்ததும் ரெஜினா, மிச்சமிருந்த பட்டைகளில் நோயுள்ள ஆட்டின் சளி மாதிரியை விட்டுப் பார்த்தார். இரண்டாவது கோடு விழவே இல்லை. பட்டைகளை எல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார். மேலாளர், ராமாத்தாளுக்குக் கடிதம் எழுதினால் போதும் என்றார். “கடுதாசி வேண்டாங்க, நேர்ல போறேன்” என்று ரெஜினா கிளம்பினார். நானும் போனேன்.

“நான் பாத்துச் சரின்னு அனுப்புன பட்டை தப்பாப் போச்சுங்க” என்று ராமாத்தாளிடம் நேராகச் சொன்னார்.

 “ரண்டு கோடு உழுந்திருந்தா மத்ததையாவது பிரிச்சுக் கட்டியிருப்பனே அம்மணி” என்றார் ராமாத்தாள்.

 ரெஜினா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டிக்குள் இறங்கினார். மிச்சமிருந்த ஒவ்வோர் ஆட்டையும் அவர் பிடிக்க, புதுப் பட்டைகளால் நான் சோதித்தேன். நோய் கண்டவற்றைத் தனியே கட்டி மருந்து கொடுத்தோம். அவற்றில் சில பிழைத்தன. கிளம்பும்போது ராமாத்தாள், “அடுத்த தடவையும் நீங்களே வாங்க” என்று அவரிடம் மட்டும் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன், “நான் அவசரப்படுத்தினதை ஏன் சொல்லலைங்க?”

“நீங்க அவசரப்படுத்துனது நெசந்தானுங்க. கையெழுத்துப் போட்டது நானுங்க” என்றார். பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

என் பங்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தத் தவறு அலுவலகத்தில் கடைசிவரை அவர் பெயரிலேயே இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். நேரில் போய் நின்று சொல்லும் துணிவைத்தான் ரெஜினாவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இருக்கும்போதே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.