சிந்துவுக்கு வைத்த பெயர்

போன வாரம் அண்ணி போன் செய்தார். அண்ணன் மகள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

"ஏனுங் அம்மிணி, அட்டென்ஷன் சீக்கருன்னா என்னங்க அர்த்தம்? உங்க புள்ள பெரிய அட்டென்ஷன் சீக்கருன்னு மிஸ்ஸு சொல்லுச்சு. நானும் சிரிச்சுட்டு, ரொம்ப தேங்க்ஸ் மிஸ்ஸுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். இப்பத்தான் சந்தேகமா இருக்குது. பாராட்டுனாங்களா, வஞ்சாங்களா?"

"வஞ்சாங்க அண்ணி."

"அடக் கெரகமே."

பிள்ளை என்ன செய்தாள் என்று கேட்டேன். பின்னால் உட்காரும் பையன் ஜடையைப் பிடித்து இழுக்கிறான் என்று எழுந்து எழுந்து சொல்லியிருக்கிறாள். இழுத்தவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். அண்ணிக்குத் தெரியவில்லை. வைத்திருக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் பட்டியல் போடுவேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பராமரிக்கிறவளுக்கு வேறு என்ன வரும்? அன்றைக்கும் போட்டேன். தன் கல்யாண நாளுக்குத் தானே ஃப்ளெக்ஸ் அடித்து, கைகூப்பிய படத்தோடு முக்கில் கட்டிவைத்தவர். பைக்கின் சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் முறுக்குகிறவன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக்கை வாங்கி, பந்தி முடிகிறவரை திருப்பித் தராத மாமா. திருவிழாவில் யானைக்கு முன்னால் நின்றுகொண்டு, யானையை மறைத்துத் தன்னைப் படம் பிடித்துக்கொள்கிறவன். இவர்களில் ஒருவரையும் யாரும் அட்டென்ஷன் சீக்கர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. பிறர் கவனம் தன்மேல் விழ வேண்டும் என்று நடந்துகொள்கிற எவரும் அதற்குள் வரலாம். புழக்கத்தில் மட்டும் அது வழி தெரிந்த பசுமாடு மாதிரி நேராகப் பெண்பிள்ளைகளிடமே போய் நிற்கிறது.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நனைந்த படுதாவின் வாடை வரும். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் அப்போது கண்ணாடி ஜன்னல் கிடையாது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழை வந்தால் சுருட்டி வைத்த ரெக்சின் படுதாவை அவிழ்த்துவிடுவார்கள். உள்ளே இருட்டிவிடும். ஈர ரெக்சின், டீசல், யாரோ கூடையில் கொண்டுவரும் கொய்யா, எல்லோருடைய முடியிலும் தேங்காயெண்ணெய். பொள்ளாச்சிப் பக்கம் பாலிடெக்னிக் படித்த நாட்களில், எல்லைக்கு இந்தப்பக்கம் கேரளத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் அந்த வாடைக்குள்தான் மாநிலம் விட்டு மாநிலம் போய்வந்தேன். எந்த சீட்டில் ஆணி துருத்தும், எந்தப் படுதா ஒழுகும் என்ற பட்டியல்கூட என்னிடம் இருந்தது. இப்படி ஒரு பிள்ளையோடு யார் சிநேகிதம் வைப்பார்கள்? சிந்து வைத்தாள்.

சிந்து எனக்கு நேரெதிர். தென்னந்தோப்பு நடுவில் வீடு. அங்கிருந்து கத்தியே ஆளைக் கூப்பிட்டுப் பழகியவள். பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, "ஏம்புள்ள, நேத்து சர்க்யூட் எழுதுனயா?" என்பாள். எதிர் டீக்கடையில் டம்ளர்கள் ஒரு விநாடி நிற்கும். "கடைக்காரரும் எழுதலையாமா" என்று நான் சொல்வேன். அதற்கும் உரக்கச் சிரிப்பாள்.

சாயங்கால வண்டியில் ஓர் உரக்கடைக்காரர் வருவார். வெள்ளை வேட்டி, சந்தனப்பொட்டு, மடியில் தோல்பை. வண்டியில் பாதிப்பேர் அவர் கடையில் உரம் எடுப்பவர்கள். அதனால் அவருக்கு யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். பெண்பிள்ளைகள் நிறைந்து நிற்கும் நாட்களில் மட்டும் "பரவால்லீங்க, நின்னுக்கறேன்" என்பார். அந்தப் பெருந்தன்மையின் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிந்து முன்னால் நகர்ந்து பார்த்தாள். பையைக் குறுக்கே வைத்துப் பார்த்தாள். குதிகாலால் அவர் பாதத்தை மிதித்தும் பார்த்தாள்.

மழை பெய்த ஒரு சாயங்காலம் படுதா எல்லாம் இறங்கியிருந்தது. எல்லை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இருட்டில் அவள் குரல் கேட்டது.

"கைய எடுங்க!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கையைப் பார்த்தேன். "நானும் பாத்தேனுங்க" என்று சொல்லவும் சொன்னேன். என் குரல் எனக்கு முன்னால் இருந்த கொய்யாக்கூடையைத் தாண்டியிருக்காது.

"கூட்டத்துல படத்தான் செய்யும் கண்ணு," என்றார் ஓர் அம்மா.

"அப்படி ஒட்டாம வரோணும்னா டாக்சி வெச்சுக்கச் சொல்லுங்க," என்றது ஒரு குரல். சிரித்தார்கள். உரக்கடைக்காரரும் சிரித்தார்.

வண்டி எல்லையைத் தாண்டிக் கேரளத்துச் சோதனைச் சாவடியில் நின்றது. சாராயம், ஸ்பிரிட் வருகிறதா என்று எக்ஸைஸ்காரர் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். சிந்து அவர் பின்னாலேயே இறங்கினாள். "புள்ள, வண்டிய நகர உடாத, முன்னால நில்லு," என்று என்னிடம் சொன்னாள். நான் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் வைப்பர் போய் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எக்ஸைஸ்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். "மோளே, இது எக்ஸைஸா, போலீஸல்ல. சம்பவம் எவிட வெச்சா?"

நடந்தது எங்கே என்று கேட்டதற்கு, சிந்து எல்லைக்கு அந்தப்பக்கம் கை காட்டினாள்.

"அப்போ அது தமிழ்நாடல்லே? அவரோட பறயணும்."

தமிழ்நாட்டுக்காரர்களிடம்தான் சொல்ல வேண்டுமாம். அவள் மழையில் திரும்பி ஓடினாள். கொஞ்ச தூரத்தில் தமிழ்நாட்டுச் சாவடி. அங்கிருந்த போலீஸ்காரர் சொன்னதை வந்து சொன்னாள்: "வண்டி கேரளாவுல நிக்குதேம்மா, ஆளும் அங்கதான இருக்கான், அங்க சொல்லு." இரண்டு மாநிலமும் சேர்ந்து அந்தக் கையை யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு ரோட்டில் விட்டுவிட்டன.

அதற்குள் வண்டிக்குள் பொறுமை போய்விட்டது. "மோட்டார் போடோணுமுங்க, கரண்டு போயிரும்." "எம்புள்ள பள்ளிக்கொடம் விட்டு வாசல்ல உக்காந்திருக்கும்." "ஏனுங் கண்டக்டரே, படம் எப்பங்க முடியும்?" கண்டக்டர் இறங்கி வந்து, "ஏறுங்க அம்மிணிகளா, அவரு பெரிய மனுசன், உங்களுக்கு எதுக்குங் வம்பு," என்றார். அவரைக் கீழே இறக்கும்வரை ஏறமாட்டேன் என்றாள் சிந்து. யாரும் இறக்கவில்லை. உரக்கடைக்காரருக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அடுத்த வண்டியில் வீட்டுக்குப் போனோம்.

எங்கள் மேடம் ஒருவரும் அந்த பஸ்ஸில் இருந்தார் என்பது மறுநாள் வகுப்பில்தான் தெரிந்தது. பாடத்தை ஆரம்பிக்கும் முன் சிந்துவை எழுப்பி நிறுத்தினார். "படிக்க வர்ற பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு? டோண்ட் பி அன் அட்டென்ஷன் சீக்கர்."

இடைவேளையில் சிந்து கேட்டாள். "அப்படீன்னா?"

"நாலு பேரு தன்னப் பாக்கோணும்னு ஏதாச்சும் செய்யறவங்க."

சிந்து யோசித்தாள். "ஆமா. பாக்கோணும்னுதான் கத்துனேன். அந்தாளு கை எங்க இருக்குதுன்னு நாலு பேரு பாக்கோணும்னுதான் கத்துனேன். வேற எதுக்குப் புள்ள கத்துவாங்க?"

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. என் வேலையே அலாரங்களோடுதான். கொதிகலனில் அழுத்தம் ஏறினால் ஒரு மணி அலறும், ஒரு விளக்கு மின்னும். அலறுவதற்காகத்தான் பணம் கொடுத்து அதை வாங்கி மாட்டியிருக்கிறோம். அலறினால் கொதிகலனைப் போய்ப் பார்க்கிறோம். மணிக்கு விளம்பர ஆசை என்று எந்த இன்ஜினியரும் இதுவரை எழுதிவைத்ததில்லை. இரும்புக்குக் காட்டுகிற மரியாதை இது.

மேடம் சொன்ன சொல் வகுப்போடு நிற்கவில்லை. சிந்து உள்ளே வந்தால், "சீக்கரு வந்துருச்சுடோய்" என்று பின்பெஞ்சில் குரல் வரும். பிறகு பஸ்ஸிலும் வந்தது. கேண்டீனில் டீ ஊற்றுகிறவர்வரை அந்த இங்கிலீஷ் போய்ச் சேர்ந்துவிட்டது. உரக்கடைக்காரருக்கு மட்டும் பழைய பெயரே இருந்தது. முதலாளி.

வண்டிக்கு முன்னால் நின்றவள் நான். ஊர் சொன்ன கதையில் நின்றவள் சிந்து. என்னைப் பற்றி, "அது அமைதியான புள்ளைங்க, அவ பேச்சக் கேட்டுப் போய் நின்னுருச்சு," என்றார்கள். என் அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தார். ஒரே குற்றம், ஒரே மழை. மெல்லப் பேசியவளுக்கு மன்னிப்பு, உரக்கப் பேசியவளுக்குப் பட்டம். என்னை அமைதியான பெண் என்று இன்றைக்கும் யாராவது பாராட்டினால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

சிந்துவின் அப்பா கெட்டவரில்லை. உரக்கடைக்காரர் தோப்புக்கே வந்து, "புள்ள தெரியாம பேசிருச்சு, நான் மனசுல வெச்சுக்கல," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அவரே மன்னிச்சுட்டாரு. இனி அந்த வண்டியில நீ ஏற வேண்டாம்," என்றார். எங்கள் ஊரிலிருந்து காலையில் பாலிடெக்னிக் நேரத்துக்குப் போவதும் அதே வண்டிதான், வேறு கிடையாது என்பது அவருக்கும் தெரியும். கடைசி செமஸ்டர் மிச்சமிருந்தது. நான் போய்ப் பேசினேன், வழிகளைப் பட்டியல் போட்டுக் காட்டினேன். ஹாஸ்டல், அவள் சித்தி வீடு, அவள் அண்ணனின் பைக். "நீ அமைதியான புள்ள கண்ணு, உனக்கு இதெல்லாம் புரியாது," என்றார். அடுத்த தையில் உடுமலைப் பக்கம் அவளுக்குக் கல்யாணம்.

அவளுக்குப் பிறகு அந்த வண்டியில் வந்த பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். ஒருத்தி ஊரிலேயே தையலுக்குப் போனாள். ஒருத்தியைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். காரணம் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. நான் படிப்பை முடித்தேன், டிரைவருக்குப் பின்னால் ஒட்டி நின்றபடி.

போன மாதம் எதேச்சையாக அந்தப் பழைய கண்டக்டரைப் பார்த்தேன். படுதா எல்லாம் போய்க் கண்ணாடி வந்துவிட்டதாம். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"முன்ன மாதிரி இல்லீங் அம்மிணி," என்றார் சந்தோஷமாக. "ஒரு சத்தம் கெடையாது, சண்ட கெடையாது. பொம்பளப் புள்ளைக அவ்வளவா ஏறுறதில்ல பாருங்க. கரெக்ட் டைமுக்குப் போயிருமுங்க."