புதிதாகக் கடைந்த பிளாக்

தென்காசிப் பட்டறையில் என் ஜீப்பின் என்ஜின் பிளாக்கில் சிலிண்டர்களைக் கடைந்து போரிங் முடித்து, சோப்புநீரால் கழுவினார்கள். ஈர இரும்பின் வாசனை என்னைச் சிறுவயதுக் குற்றாலத்து வீட்டு முற்றத்தில் நிறுத்தியது.

அங்கே அப்பாவும் தான் ஆசையாகக் கட்டிய ஜீப்பின் பிளாக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். சாரல் இறங்கியது, புதிதாகக் கடைந்த சிலிண்டர்களில் செந்துரு படரத் தொடங்கியது. என்ஜின் ஆயில் வாங்க மறந்திருந்தார்.

"ஏட்டி, ஏதாவது எண்ணெய் கொண்டா! துரு புடிக்குது, போரிங்கெல்லாம் வீணாப் போவும்!"

அருவிக்குப் புறப்பட்டிருந்த அம்மா, தலைக்கு எடுத்துவைத்த நல்லெண்ணெயைச் சிலிண்டர்களில் ஊற்றி, விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"உங்க மூத்த தாரத்துக்கு எண்ணெய் தேய்ச்சாச்சு. அருவிக்கும் அவளையே கூட்டிட்டுப் போங்க."

பிளாக் பிழைத்தது. அப்பா சிரித்தபடி, கறுத்திருந்த அவள் விரல்களைத் தன் வேட்டி நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பட்டறையில் யாரோ என்னை "அக்கா" என்று கூப்பிட்டார்கள். அந்த முற்றத்தை விட்டுவர எனக்கு மனமில்லை.