கைமாறிப் போகும் கட்டணம்

காசு போவதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. எங்கே போகிறது என்று தெரியாவிட்டால்தான் தலை வெடித்துவிடும். திருப்புறத்தில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்கும் கீழே வீட்டுக்கார அக்கா குடும்பத்துக்கும் ஒரே தண்ணீர் மீட்டர். பில் வந்ததும் அக்கா என் பங்கைச் சொல்வார், நான் கொடுப்பேன். இந்த முறை தொகை கூடியிருந்தது. பில்லை வாங்கிப் பார்த்தேன். தண்ணீர்க் கட்டணத்துக்குக் கீழே தனியாக இன்னொரு கட்டணம்.

“இது என்ன அக்கா?”

“எனக்குத் தெரியாது டீச்சரே. பில்லுல உண்டு, கெட்டுதோம்.”

“இத்தனை நாள் இல்லாதது இப்ப மட்டும் எப்படி வந்தது?”

என் குரலில் சந்தேகம் இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடுவேனா? மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பஸ் ஏறி, நெய்யாற்றின்கரையில் தண்ணீர் அலுவலக கவுண்டரில் போய் நின்றேன்.

“இது எங்களுக்கு உள்ளதில்ல டீச்சரே,” என்றார் அங்கிருந்தவர். “தண்ணி சுத்தம் பண்ணித் தாற கம்பெனிக்கு உள்ளது. வாங்கி அப்படியே அங்கோட்டு குடுக்கணும். ஒரு பைசா இங்க நிக்காது.”

அதைத் தனியாக அச்சடிப்பதும் அதற்காகத்தானாம். புதையல் கிடைத்த மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கணவரிடம் விளக்க ஆரம்பித்தேன். கடல் தொழில் செய்பவர். பாதியிலேயே சிரித்துவிட்டார்.

“கடப்புறத்துல மீன் ஏலம் போடுதவன் சர்ச்சுக்கு உள்ள பங்கையும் பிடிப்பான். அது அவனுக்க பைசாவா? சாமியாருக்க கையில கொண்டு குடுக்கணும். அதாக்கும் இது. ரொம்பக் காலமாட்டு பில்லுல உண்டும்லா?”

உள்ளே போய்ப் பழைய பில்களை எடுத்து வந்தார். எல்லாவற்றிலும் அந்தக் கட்டணம் இருந்தது. என்னிடம் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

“ஏன் அக்கா?” என்றேன்.

“என்னதுன்னு எனக்கே தெரியாத பைசாவ ஒங்ககிட்ட எப்பிடிக் கேக்க? இந்த மாசம் இவரு கடலுக்குப் போகல்ல. அதான் கேட்டுப் போட்டேன்.”

வெட்கமாக இருந்தது. எங்கும் நிற்காமல் போகவேண்டிய காசு, இத்தனை நாளும் என் கையில்தான் நின்றிருக்கிறது. பழைய பில்களைக் கூட்டி, என் பங்கைக் கொண்டுவந்து நீட்டினேன். அக்கா வேண்டாமென்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.

அவர் எண்ணிப் பார்க்கவில்லை.