மரியாதைக்கு ஒரு ‘இங்’

இங்கிலீஷ் உனக்கு எப்படி இவ்வளவு சரளமாக வந்தது என்று யாராவது கேட்டால், தினமும் பேப்பர் படித்தேன், ரேடியோவில் செய்தி கேட்டேன் என்று வாய் கூசாமல் சொல்வேன். பொய். ஒருத்தியைக் கேலி பண்ணிப் பண்ணித்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி. நான் அவிநாசிப் பக்கத்துத் தமிழ் மீடியம். முதல் வாரமே எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள். ‘ஐலண்ட்’ என்று வாசிக்க வேண்டியதை ‘இஸ்லேண்ட்’ என்று வாசித்துத் தொலைத்தேன். ஹாஸ்டல் மேல்மாடியில், மலை மேல் கான்வென்ட்டில் படித்த நாலு பெண்கள் இருந்தார்கள். அதற்கப்புறம் மாசக்கணக்கில் அவர்களுக்கு என் பெயரே இஸ்லேண்ட்தான். மெஸ்ஸில் தட்டோடு போனால், “ஹலோ இஸ்லேண்ட், இட்லி ஓக்கேயா?” என்பார்கள். நானும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வருவேன். உள்ளே கொதிக்கும்.

என் அறைத்தோழி ஈரோட்டுப் பக்கம். அவளும் தமிழ் மீடியம். வீட்டில் மஞ்சள் வெள்ளாமை, கூட நாலு விசைத்தறி. வாட்ச்மேனில் இருந்து பிரின்சிபால் வரைக்கும் எல்லோருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் அது கிடையாது. நான் அவளுக்கு ‘புள்ள’, அவள் எனக்கு ‘புள்ள’.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற கல்லில் நின்றால் இங்கிலீஷில் மட்டும்தான் பேசுவது என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கொண்டோம். இரண்டாவது வாரமே அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். சோப்பைக் கீழே வைத்துவிட்டு, சத்தியத்தையும் மறந்து, தமிழிலேயே சொன்னாள்.

“ஏம்புள்ள, இங்கிலீஷ்லயும் நம்ம ‘ங்க’ இருக்குது பாரு! கம்மு, கோவுன்னா சின்னவீங்களுக்கு. கமிங், கோயிங்னா பெரியவீங்களுக்கு. கடைசில இங்கு, இங்குன்னு வருதல்லோ, அது மரியாதைக்குத்தான்.”

“அப்ப எனக்கு?”

“நீ என்ன பெரிய இவளா? உனக்குக் கம்மு, கோவே சாஸ்தி.”

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதை நானும் நம்பினேன், அதுதான் கூத்து. அவள் சட்டம் மாறாமல் பேசினாள். மேடத்திடம், “யூ ஆர் நோயிங் மேம், ஐ நோ” என்பாள். மேடத்துக்குத் தெரிவதற்கு ‘இங்’ உண்டு, தனக்குத் தெரிவதற்குக் கிடையாது. கடவுள் ‘இஸ் சீயிங்’. ஹாஸ்டல் நாய் வெறும் ‘சீ’.

பத்து நாளில் லைப்ரரியில் ஒரு இலக்கணப் புத்தகத்தைப் புரட்டியபோது ‘இங்’ எதற்கு என்று தெரிந்துபோயிற்று. ஓடிவந்து அவளிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று இன்னொருத்திக்குத் தெரியவில்லை என்பது அன்றுவரை எனக்கு வாய்க்காத சுகம். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அந்த வாரமே மேல்மாடிக்குப் போய் அவளை மாதிரிப் பேசிக் காட்டினேன். துணி துவைக்கிற கல்லில் எனக்கு மட்டும் சொன்ன மரியாதைச் சட்டத்தையும் சேர்த்துச் சொன்னேன். நாலு பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தார்கள். இஸ்லேண்ட் அன்றோடு ஒழிந்தது. முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அப்புறம் வாரா வாரம் போனேன். தப்பைச் சரியான இடத்தில் போட்டுக் காட்ட வேண்டுமென்றால் சரி எது என்று தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் திருத்தி, மறுபடி கெடுத்து, மேலே கொண்டுபோய்ப் பேசிக் காட்டுவேன். இரண்டு வருஷத்தில் என் நாக்கு இங்கிலீஷுக்கு நன்றாகவே வளைய ஆரம்பித்தது. அவளோ, “நீ எப்படிப் புள்ள இத்தனை நல்லாப் பேசற, எனக்குஞ் சொல்லிக்குடு” என்று கெஞ்சுவாள். “பேசப் பேச வந்துரும்” என்பேன்.

கடைசி வருஷம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்து ஆள் எடுக்க வந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற வேலை. ஒரே ஒரு இடம். எனக்கு அது கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் வேறொன்று பார்க்கலாம். அவளுக்கு அப்படி இல்லை.

“இது கெடைக்கலீன்னா தை மாசம் மாமனுக்குக் கட்டி வெச்சுப்போடுவாங்க புள்ள. எங்கம்மா கூடப் பொறந்தவரு. அவருக்கு முப்பத்தாறு. தறியும் சீட்டாட்டமுந்தான் தெரியும். வேலைன்னு ஒன்னு இருந்தா அப்பா கொஞ்சம் பொறுப்பாரு.”

ஆறு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். துணி மோசம் என்று வெளிநாட்டு ‘பையர்’, அதாவது வாங்குகிறவன், திருப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டார். கான்வென்ட் பெண்கள் மன்னிப்புக் கடிதம் எழுதுவோம், தள்ளுபடி கொடுப்போம் என்றார்கள். தறி வீட்டில் பிறந்தவள் அவள் ஒருத்திதான். எங்கேயும் நிறுத்தாமல் சொன்னாள். “சார், பிஃபோர் சென்ட், ஒன் பீஸ் வீ கட், வீ கீப். பையர் இஸ் டெல்லிங் பேட் கிளாத், வீ ஷோ சேம் பீஸ். பையர் இஸ் சீயிங், வீ சீ. நோ ஃபைட்.”

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார், உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டார்.

அந்த அறையில் அவள் சொன்னது சொல்லுக்குச் சொல் புரிந்த ஒரே ஆள் நான். மூன்று வருஷம் அவள் இங்கிலீஷைத்தானே படித்தேன்.

“ஐ’ம் அஃப்ரெய்ட் ஐ டிட்ன்ட் ஃபாலோ எ வேர்ட், சார்,” என்றேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையாம் எனக்கு. எங்கேயும் தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் யோசிக்காமல் வந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். ஒரு சுற்று கழித்து, ஒவ்வொரு சரக்கிலும் ஒரு துண்டு வெட்டிப் பத்திரப்படுத்தி வைத்தால் சண்டையே வராது என்று நல்ல இங்கிலீஷில் சொன்னேன். “எக்ஸலன்ட்,” என்று அவர் எழுதிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை எனக்கு. மத்தியானம் மெஸ்ஸில் மேல்மாடிக்காரி ஒருத்தி, ஆறுதல் சொல்கிற சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “டோன்ட் ஒர்ரி. யூ ஆர் ஈட்டிங், ஐ ஈட். பெரியவங்களுக்கு ‘இங்’, இல்லையா?” என்று சிரித்தாள். என் அறைத்தோழி பிசைந்த சாப்பாட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கல்லில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.

பரீட்சை முடிந்த அன்று அவளுடைய அப்பா வண்டியோடு வாசலில் நின்றார். தைக்கு நாள் குறித்தாயிற்று என்று அவரே சொன்னார். நான் அவள் பெட்டியில் கை வைத்து, “இரு புள்ள, நானும் வண்டி வரைக்கும் வாரேன்,” என்றேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். மெஸ்ஸில் நடந்ததற்கப்புறம் அந்த இங்கிலீஷ் தப்பென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், நிதானமாகச் சொன்னாள்.

“யூ ஆர் கோயிங் டு ஆபீஸ். ஐ கோ.”

மூன்று வருஷத்தில் அவள் எனக்கு ‘இங்’ போட்டது அதுதான் முதல் தடவை.