தலைமன்னார் வாடியில் மூன்று நாள்

அக்காவைக் கப்பலேற்றிவிடத்தான் நான் தலைமன்னாருக்குப் போனேன். எழுபதுகளின் பின்பாதி. அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திருந்தது. எங்கள் அப்பா சாவதற்கு முன் எங்களுக்காக எழுதிப்போட்டதோ இலங்கைப் பிரஜாவுரிமை. அதனால் அவள் போக வேண்டும், நான் இருக்க வேண்டும். பலாபத்வலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில், அவளும் மச்சானும் நானும் அதுவரை ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்தோம். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

மாத்தளையில் ரயிலேறி, இரண்டு இடத்தில் மாறி, மறுநாள் காலையில் போய் இறங்கினோம். காற்று பலமாக இருக்கிறது, மூன்று நாளைக்குக் கப்பல் இல்லை என்று இறங்குதுறையில் சொல்லிவிட்டார்கள். எங்களோடு வந்த சனமெல்லாம் தகரக் கொட்டகையில் பெட்டியும் பிள்ளைகளுமாகப் படுத்துவிட்டது. நாங்கள் நிற்பதைப் பார்த்து ஒரு மீன்காரம்மா அருகே வந்தார்.

"உதுக்குள்ள எப்பிடிக் கிடப்பியள்? எங்கட வாடி சும்மாதான் கிடக்கு. காத்துக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்ல."

அது கரையோரத்தில் ஓலை வேய்ந்த ஒரு சின்னக் குடிசை. மூலையில் வலை குவிந்து கிடந்தது. சோற்றில் மணல், பாயில் மணல், தலைமயிரிலும் மணல். அக்கா இந்தியாவுக்கென்று கட்டியிருந்த தேயிலைத்தூளில் பாதியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தாள்.

நாங்கள் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வேலையில்லாமல் இருந்ததும் இல்லை. மச்சான் அடிக்கடி துறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். அக்கா வாடி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் கண்டதேயில்லை. உல்லாசப் பயணம் வந்தவர்களைப் போல இருந்தோம். ஆனால் முதல்நாளே எனக்கு ஒன்று உறைத்தது.

"நீலகிரிப் பக்கம் வேலை தருவாங்களாம். நாங்க அங்க போயி மொதல்ல ஒரு மாடு வாங்கணும்" என்றாள்.

அதுவரை எப்போதும் 'நாம' என்றுதான் சொல்வாள். அவள் கவனித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நான் எழுந்து போய் அலையில் காலை நனைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் மீன்காரம்மா கொஞ்சத் தூரத்தில் நிற்கும் பெருக்க மரங்கள் என்ற பெருத்த பழைய மரங்களைப் பற்றிச் சொன்னார். "அரபிக்காரர் ஒட்டகத்துக்குக் கொண்டந்து நட்டது எண்டு சொல்லுவினம். எத்தின நூறு வருசமோ, ஆருக்குத் தெரியும்." மச்சான் வரவில்லை. நானும் அக்காவும் பஸ்ஸில் போய் இறங்கி, முள்ளுப்பற்றைகளுக்கு நடுவே நடந்தோம்.

ஒரு மரம் அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாக, கிழட்டு யானைகள் நிற்பதுபோல் நின்றன. பட்டையும் யானைத்தோல் நிறம்தான். அடிமரம் எங்கள் காம்பிராவைவிட அகலம். தேயிலையும் விட்டால் மரமாகத்தான் வளரும் என்பார்கள். இடுப்புக்கு மேல் போகாமல் கவ்வாத்து வெட்டிக்கொண்டே இருப்பதால் நாங்கள் அதைச் செடியாகத்தான் கண்டிருக்கிறோம். இவற்றை யாரும் வெட்டவில்லை.

"எவ்வளவு பெருசுன்னு சுத்திப் பாப்போம். நீ அந்தப் பக்கமா வா" என்று அக்கா ஒரு பக்கமாக நடந்தாள். நான் மறுபக்கம் நடந்தேன். பாதி சுற்றியும் அவளைக் காணவில்லை. நின்றேன். மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் அழுவது கேட்டது. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழும் சத்தம். போய்க் கட்டிப்பிடித்திருக்கலாம். ஏனோ நான் போகவில்லை. பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது ஓயும் மட்டும் நின்றேன். அப்புறம் அவளே வந்தாள், முகத்தைத் துடைத்திருந்தாள்.

"தங்கச்சி, காயிதம் போடும்போது நல்லத மட்டும் எழுது."

"ஏன் அக்கா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதில்ல. அவருதான் வாசிச்சுக் காட்டணும். நீ தனியாக் கெடந்து கஷ்டப்படுறேன்னு அவரு வாயால கேக்க என்னால முடியாது."

பன்னிரண்டு வயதில் அவள் கொழுந்துக்கூடையைத் தூக்கியதால்தான் நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அவள் சொன்னபடியே எழுதினேன். காய்ச்சலில் கிடந்தபோதும், எண்பத்து மூன்று கலவரத்தில் லயத்தை விட்டு ஓடிக் காட்டுக்குள் இருந்து திரும்பிய பிறகும், நலம், மழை நன்றாகப் பெய்கிறது என்றுதான் எழுதினேன். அவளும் எனக்கு நல்லதை மட்டுமே சொல்லி அனுப்பியிருப்பாள் என்று பிறகுதான் தோன்றியது. அவள் இறந்த செய்தியும் மச்சானின் கையெழுத்திலேயே வந்தது.

மூன்றாம் நாளுக்கு மறுநாள் கப்பல் புறப்பட்டது. பாஸ்போர்ட் இல்லாதவர்களைக் கம்பித் தடுப்போடு நிறுத்திவிட்டார்கள். மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அக்காவின் தலையில் பெரிய மூட்டை இருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல், ஒரு கையை மட்டும் பின்பக்கமாக நீட்டி அசைத்துக்கொண்டே போனாள். நான் நின்ற இடத்திலிருந்து வெகு தள்ளி யாரையோ பார்த்து அசைப்பது போலிருந்தது அது.

தோட்டத்துக்கு வந்த மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனேன். கங்காணி பழக்கத்தில் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"அக்கா போயிட்டா" என்றேன்.

"ஆமால்ல" என்றவர் பென்சிலால் கோடு போட்டுவிட்டு என் பெயரைக் கூப்பிட்டார். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினேன்.